கேட்கிற இடம் ஒன்று, கிளம்புகிற இடம் ஒன்று: பட்டை ஸ்பிரிங் வண்டியின் சத்தங்களைத் தேடிப் பிடித்த பதிவு

வண்டி பழையது. ஏணிச் சட்ட சேசிஸ், அதன் மேல் தனியாக உட்கார்ந்த பாடி, முன்னும் பின்னும் திட அச்சு, நாலு மூலையிலும் பட்டை ஸ்பிரிங் (வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டியது). 1941 வில்லிஸ் எம்பி, 1948 லேண்ட் ரோவர் காலத்திலிருந்து பல பத்தாண்டுகளுக்குக் காட்டுப்பாதை வண்டி என்றாலே பெரும்பாலும் இந்த அமைப்புதான். முரட்டு அடி தாங்கும். எங்கே நின்றுபோனாலும் சாதாரண ஸ்பேனரை வைத்துக் கழற்றி மாட்டலாம். முன்பு வைத்திருந்தவர் வண்டியைக் கொஞ்சம் தூக்கி நிறுத்த நீளமான ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைத்து ஊசலாடும் தகடுகள்) போட்டு, ஸ்பிரிங் கண்களில், அதாவது முனை வளையங்களில், செருகியிருந்த ரப்பர் புஷ்களை எடுத்துவிட்டு பாலியூரித்தேன் புஷ் அடித்திருந்தார். ஏற்றத்திலும் பள்ளத்திலும் குறை சொல்ல முடியாதபடி போகும் வண்டி. சத்தம்தான் தாங்கவில்லை.

ஒரே சத்தமாக இருந்திருந்தால் வேலை சுலபம். இதில் நாலு விதம். நடை வேகத்தில் பள்ளத்துக்குள் இறங்கினால் எண்ணெய் காணாத கதவுக் கீல் மாதிரி நீளமாக ஒரு கிறீச். முன்சக்கரம் ஒன்று மட்டும் குழியில் விழுந்தால் ஒற்றை டொக். சரளைக் கல் பாதையில் ஓயாத லொடலொட. நின்ற இடத்திலிருந்து கிளட்சை விட்டுக் கிளம்பும்போது பின்பக்கம் எங்கிருந்தோ ஒரு டங்.

இப்படிப்பட்ட வண்டிக்குப் பொதுவாகக் கிடைக்கும் யோசனை, "புஷ் எல்லாம் மாத்திடுங்க, ஷாக்கும் சேர்த்து மாத்திடுங்க" என்பதுதான். ஷாக் என்பது துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் சத்தம் போனாலும் எது காரணம் என்று தெரியாது. போகாவிட்டால் பணமும் போய், தேடவேண்டிய இடங்களும் அப்படியே நிற்கும். அதோடு, சத்தம் போடும் வண்டி சும்மா தொல்லை மட்டும் இல்லை. ஆள் அரவமில்லாத பாதையில் ஒரு போல்ட் தளர்ந்தால் அந்தச் செய்தி முதலில் காதுக்குத்தான் வரும். எப்போதும் கத்திக்கொண்டே இருக்கிற வண்டியில் அந்தப் புதுச் சத்தம் மற்றதில் கரைந்துபோகும். நான் இந்த வேலையில் இறங்கியதற்கு முதல் காரணம் அதுதான்.

முதலில் செய்தது, வண்டியைக் காலி செய்தது. சீட்டுக்கு அடியில் ஜாக்கி, பின்னால் கருவிப் பெட்டி, இழுவைச் சங்கிலி, கொக்கிகள், தண்ணீர் கேன் என எல்லாவற்றையும் இறக்கினேன். உதிரி டயரின் நட்டை இறுக்கி, பேட்டரிப் பிடியை ஆட்டிப் பார்த்தேன். சைலன்சர் தொங்கும் ரப்பர்களில் ஒன்று அறுந்திருந்தது, அதை மாற்றினேன். லொடலொடவில் கணிசமான பகுதி இங்கேயே அடங்கிவிட்டது. உதிரி டயர் தாங்கியில் அரைச் சுற்றுத் தளர்வுதான் இருந்தது, ஆனால் அவ்வளவு எடை ஆடும்போது அதுவே போதும். இந்தக் கட்டத்தைத் தாண்டாமல் வண்டிக்கு அடியில் படுப்பதில் அர்த்தம் இல்லை.

அடுத்து ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். அடியில் பார்ப்பதற்கு முன் வண்டியைக் கழுவக் கூடாது. பழைய புழுதியும் காய்ந்த சேறும்தான் சாட்சி. அசையாத இணைப்பின் மேல் புழுதி ஒரே போர்வையாகப் படிந்திருக்கும். அசைகிற இடத்தில் அது வெடித்து, விளிம்பில் கோடு விழுந்திருக்கும். இரும்பும் இரும்பும் உரசினால் அந்த இடம் பளபளவென்று தேய்ந்திருக்கும். இறுக்கமாக இருக்கவேண்டிய இரண்டு தகடுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் நகர்ந்துகொண்டே இருந்தால், நடுவிலிருந்து செம்பழுப்பான மெல்லிய பொடி கசியும். சாதாரணத் துரு செதில் செதிலாக இருக்கும். இந்தப் பொடி குங்குமம் மாதிரி விரலில் ஒட்டும்.

டார்ச்சை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தபோது மூன்று இடங்கள் பேசின. பின் இடது ஸ்பிரிங்கை அச்சோடு இறுக்கிக் கட்டும் யு போல்ட்களின் தகட்டு விளிம்பில் அந்தச் செம்பொடி. முன்பக்க ஸ்டெபிலைசர் பாரை (திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) இணைக்கும் லிங்கின் கீழ் புஷ்ஷைச் சுற்றிப் புதிதாக உரசின வெள்ளிக் கோடு. பின் வலது ஷேக்கிள் தகட்டின் உள்பக்கம், சேசிஸ் தாங்கியில் இடித்து இடித்துப் பெயின்ட் போயிருந்தது. எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு, அதன் பிறகுதான் கழுவினேன். கழுவிக் காய்ந்ததும் முக்கியமான நட்டு ஒவ்வொன்றின் மேலும் பெயின்ட் பேனாவால், நட்டையும் தகட்டையும் சேர்த்து ஒரே கோடாக இழுத்தேன். நட்டு துளி திரும்பினாலும் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுக்கும்.

பாதுகாப்பு பற்றி ஒன்று. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். படுப்பதற்கு முன் சேசிஸுக்குக் கீழே ஸ்டாண்டு நிற்கவேண்டும், தரையில் இருக்கிற சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்திருக்கவேண்டும். திட அச்சு வண்டியில் இன்னொரு கவனமும் தேவை. ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு அச்சைத் தொங்கவிட்டால் அது வழக்கத்தைவிடக் கீழே இறங்கும். அப்போது இழுபடுவது பிரேக் ஹோஸ். அச்சுக்குக் கீழே இன்னொரு ஜாக்கி தாங்கலாக இருக்கட்டும்.

இனி சத்தங்களைத் தனித்தனியாகப் பிரிப்பது. சேசிஸ் ஒரு பெரிய இரும்புத் துண்டு. பின் ஷேக்கிளில் எழும் அதிர்வு சட்டம் வழியாக ஓடி, பாடி ரப்பர் தேய்ந்த இடத்தில் ஏறி, டிரைவர் காலடியில் கேட்கும். காதை நம்பி இடத்தைத் தீர்மானிக்க முடியாது. அதனால் நான் பிடித்துக்கொண்ட வழி, ஒரு நேரத்தில் ஓர் அசைவை மட்டும் வண்டிக்குக் கொடுத்து, எந்த அசைவில் எந்தச் சத்தம் வருகிறது என்று பார்ப்பது.

டொக் சத்தம் இதில்தான் பிடிபட்டது. ஒரே வேகத்தடையில் முதலில் இரண்டு முன்சக்கரமும் சேர்ந்து ஏறுகிற மாதிரி நேராக ஏற்றினேன். சத்தம் இல்லை. அதே தடையின் ஓரத்தில் ஒரு சக்கரம் மட்டும் ஏறும்படி போனேன். டொக். இரண்டு சக்கரமும் சேர்ந்து மேலே போனால் ஸ்டெபிலைசர் பார் தன் தாங்கிகளுக்குள் சும்மா திரும்பும், அவ்வளவுதான். ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் போனால்தான் அது முறுக்கிக்கொண்டு வேலை செய்யும், லிங்குகளில் பளு ஏறும். ஆகவே சந்தேகம் நேராக அங்கே போயிற்று. இரண்டு பக்க லிங்கையும் கழற்றிக் கம்பியால் ஒதுக்கிக் கட்டிவிட்டு அதே ஓரத்தில் மெதுவாக ஏற்றினேன். சத்தமே இல்லை. லிங்க் இல்லாத வண்டி திருப்பத்தில் அதிகம் சாயும், சோதனைக்காக நடை வேகத்தில் ஓட்டுவதோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். கீழ் புஷ்ஷின் துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது. சக்கரம் நன்றாக மேலும் கீழும் போவதற்காகக் கரடுமுரடான பாதையில் இந்த லிங்கைக் கழற்றிவிட்டு ஓட்டுவது வழக்கம். அப்படி அடிக்கடி கழற்றி மாட்டிய வண்டியில் இந்த புஷ் சீக்கிரம் போய்விடும். இரண்டு பக்கமும் புதிது போட்டேன், அந்த வேலை அத்தோடு முடிந்தது.

மிச்சமிருந்த லொடலொடவுக்கு முதலில் பிரேக் பேடைச் சந்தேகித்தேன். அதைச் சோதிப்பது எளிது. சரளையில் ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாகத் தொட்டால் பேடு டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். சத்தம் நின்றால் பேடு, அல்லது பேடை அழுத்தும் காலிப்பரின் பின். எனக்கு நிற்கவில்லை. சக்கரமும் அச்சும் சேர்ந்த எடை சுமார் 10 முதல் 15 ஹெர்ட்ஸில் துள்ளும், பாடியோ 1 முதல் 2 ஹெர்ட்ஸில் மெதுவாக ஏறி இறங்கும். சரளையில் படபடவென்று கேட்பது முதல் வகை. அந்த வேகத்தில் பளு மாறிமாறி விழுகிற இடங்கள் ஷாக்கின் இரண்டு கண்களும், பட்டைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கிளிப்புகளும். ஷாக்கைக் கையால் பிடித்து ஆட்டினால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. நெம்புகம்பியைக் கீழ்க் கண்ணுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் கொடுத்து மெதுவாக நெம்பினால் தெரியும். பின் இடது ஷாக்கில் ரப்பர் நெம்பலுக்கு எதிர்ப்பே காட்டாமல் நகர்ந்தது. ஷாக் உடம்பில் எண்ணெய்க் கசிவு இல்லை, இழுத்தாலும் அழுத்தினாலும் ஒரே சீரான எதிர்ப்பு. ஆகவே ஷாக்கை மாற்றாமல் கண் புஷ்ஷை மட்டும் மாற்றினேன். இந்த இடத்தில்தான் பலர் நல்ல ஷாக்கைத் தூக்கிப் போடுகிறார்கள். பட்டைக் கிளிப்புகளைப் பின்னால் சொல்கிறேன்.

கிறீச்சுக்கு வருவோம். எனக்கு அதிக நேரம் பிடித்ததும், அதிகம் பிடித்துப்போனதும் இந்த வேலைதான்.

இந்த மாதிரிச் சத்தம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டு பரப்புகள் அழுந்தி நிற்கும்போது, அவற்றை நகர்த்தத் தொடங்கத் தேவைப்படும் விசை, நகர்ந்துகொண்டிருக்கும்போது தேவைப்படுவதைவிட அதிகம். அதனால் மெதுவான அசைவில் அவை ஒட்டும், விசை சேரும், சட்டென வழுக்கும், மறுபடி ஒட்டும். இது விநாடிக்குப் பல நூறு முறை நடந்தால் காதுக்குக் கிறீச். மழை நாளில் இந்தச் சத்தம் தானாகப் போய்விடுவதற்கும், வேகமாகப் போகும்போது குறைவதற்கும் இதுதான் காரணம். டொக், டங் போன்றவை மழைக்கு அசைந்து கொடுக்காது. அவை உராய்வு இல்லை, இடைவெளி.

இதையே சோதனையாக வைத்துக்கொண்டேன். உதவிக்கு வந்த தம்பி பின் பம்பரில் ஏறி நின்று சீராக அழுத்தி விட, நான் பக்கவாட்டில் உட்கார்ந்து தெளிப்பான் பாட்டிலில் சோப்புத் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு இணைப்பாக நனைத்தேன். ஓர் இடத்தை நனைத்தால் அழுத்தச் சொல்லிக் கேட்பது, பிறகு அடுத்த இடம். எல்லாவற்றையும் ஒரேயடியாக நனைத்தால் எதுவும் தெரியாது. எண்ணெய் தெளிப்பானும் வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய் சாதாரண ரப்பரை ஊதச் செய்து கெடுக்கும், அதோடு பல நாள் மறைத்து வைத்துவிட்டுச் சத்தம் திரும்பி வரும். தண்ணீர் காய்ந்தால் மறுபடி சோதிக்கலாம்.

பின் வலது ஷேக்கிளின் மேல் புஷ்ஷை நனைத்ததும் சத்தம் பாதியாகக் குறைந்தது. முழுதாகப் போகவில்லை. தம்பி கீழே இறங்கி வந்து பட்டைகளின் நுனியில் விரலை வைத்துக்கொண்டு, "அண்ணா, நீங்க ஏறி அழுத்துங்க... இங்க கைய வைங்க, நறநறங்குது பாருங்க" என்றான். கை வைத்துப் பார்த்தேன். மூன்றாவது பட்டையின் நுனி, மேல் பட்டையின் அடியில் ஒட்டி ஒட்டி நகர்வது விரலுக்கு நன்றாகத் தெரிந்தது. நுனிகளை நனைத்ததும் மீதிப் பாதியும் அடங்கியது. அசைகிற இணைப்பில் விரல் நுனியை வைப்பது காதைவிட நம்பகமான கருவி. கிள்ளப்படாத பக்கமாக, ஷேக்கிளுக்கும் சட்டத்துக்கும் நடுவில் போகாதபடி வைக்கவேண்டும், அவ்வளவுதான்.

பாலியூரித்தேன் புஷ் வேலை செய்யும் விதம் ரப்பரிலிருந்து வேறு. சைலன்ட் பிளாக் என்று சொல்கிற ரப்பர் புஷ்ஷில் உள்குழாயும் வெளிக்குழாயும் ரப்பரோடு ஒட்டிப் பிணைக்கப்பட்டிருக்கும். போல்ட்டை இறுக்கினால் உள்குழாய் தாங்கியோடு பிடித்துக்கொள்ளும், ஸ்பிரிங் அசையும்போது ரப்பர் முறுக்கிக்கொள்ளும். எதுவும் வழுக்காது, ஆகவே சத்தம் இல்லை, கிரீஸும் தேவையில்லை. பாலி புஷ்ஷில் ஸ்லீவ் (போல்ட் நுழையும் இரும்புக் குழாய்) புஷ்ஷுக்குள் வழுக்கித் திரும்பவேண்டும். வழுக்குகிற இடம் காய்ந்தால் கத்தும். நான் கழற்றிய ஸ்லீவில் கிரீஸின் தடயமே இல்லை, நடுவில் துரு பிடித்து, புஷ்ஷின் உள்சுவர் கருத்துப்போயிருந்தது. அதைவிட முக்கியமாக, ஸ்லீவின் நீளம் புஷ்ஷின் மொத்த அகலத்தைவிட ஒரு இழை குறைவாக இருந்தது. ஸ்லீவ் துளி நீளமாக இருந்தால்தான் போல்ட்டின் இறுக்கம் ஸ்லீவில் விழும், புஷ் தாராளமாகத் திரும்பும். குறைந்தால் ஷேக்கிள் தகடுகள் புஷ்ஷின் விளிம்புகளை இரண்டு பக்கமும் நசுக்கும். எவ்வளவு கிரீஸ் வைத்தாலும் அந்த விளிம்பு கத்தத்தான் செய்யும். புஷ் போட்டு, கிரீஸ் வைத்து, சில வாரத்தில் மறுபடி சத்தம் வந்துவிட்டது என்று சொல்பவர்கள் முதலில் இந்த நீளத்தை அளந்து பார்ப்பது நல்லது.

என் முடிவு இப்படி. ஸ்பிரிங்கின் முன்கண், அதாவது நகராமல் சேசிஸில் பிடித்திருக்கும் முனைக்கு, பிணைக்கப்பட்ட ரப்பரையே திரும்பப் போட்டேன். அங்கே திரும்பும் கோணம் சிறியது, ரப்பர் அதை முறுக்கிலேயே சமாளித்துக்கொள்ளும். ஸ்பிரிங் தட்டையாகும்போது நீளும், அந்த நீளத்தை வாங்கிக்கொள்வது ஷேக்கிள். அது ஊசலாடும் கோணம் பெரியது, அதுவும் இந்த வண்டியில் சக்கரம் போய்வரும் தூரம் அதிகம். அதனால் ஷேக்கிள் இரண்டு முனையிலும் பாலியையே வைத்துக்கொண்டு, சரியான நீள ஸ்லீவ் போட்டேன். ஸ்லீவை நைசான உப்புத்தாளில் தேய்த்து, துரு போக்கி, ஒட்டும் தன்மையுள்ள சிலிக்கோன் கிரீஸை உள்சுவர், வெளிச்சுவர், விளிம்பு என்று மூன்று இடத்திலும் தடவினேன். விளிம்பை மறந்துவிட்டு உள்ளே மட்டும் தடவுவது வழக்கமாக நடக்கிறது. போல்ட்டுக்குள் துளை போட்டுக் கிரீஸ் நிப்பிள் வைக்கிற வகையும் கிடைக்கிறது. துளையிட்ட போல்ட் வலுவில் குறைந்தது என்பதால் காட்டுப்பாதை வண்டிக்கு அதை நான் விரும்பவில்லை. பல மாதத்துக்கு ஒருமுறை போல்ட்டை உருவிக் கிரீஸ் வைப்பது எனக்குப் பெரிய வேலையாகத் தெரியவில்லை.

முன்கண் போல்ட்டை இறுக்குவதில் ஒரு கட்டாயம் இருக்கிறது. வண்டி ஸ்டாண்டில் நிற்க, அச்சு தொங்கிக்கொண்டிருக்கும்போது அதைக் கடைசி வரை இறுக்கக் கூடாது. அந்த நிலையில் ஸ்பிரிங் வளைந்து கிடக்கும். அப்படியே இறுக்கினால் அந்தக் கோணம்தான் ரப்பருக்கு ஓய்வு நிலை ஆகிவிடும். வண்டியைத் தரையில் இறக்கிய நொடியிலிருந்து ரப்பர் முறுக்கப்பட்டே இருக்கும், நல்ல பள்ளத்தில் அதற்கு மேலும் முறுக்கு ஏறும், சீக்கிரம் கிழியும். புது ரப்பர் புஷ் சில மாதங்களிலேயே போய்விட்டது என்று கேள்விப்படுவதில் ஒரு பெரும் பங்கு இதுதான் என்பது என் கருத்து. போல்ட்டைக் கையால் முடுக்கி, வண்டியை நாலு சக்கரத்திலும் இறக்கி, பம்பரை அழுத்தி விட்டு, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, ஸ்பிரிங் தன் இயல்பான உயரத்தில் உட்கார்ந்த பிறகு, வண்டிக்கான கையேட்டில் சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கவேண்டும்.

பட்டைக் கட்டை அவிழ்த்தது அடுத்த வேலை. நடு போல்ட்டைத் தொடுவதற்கு முன் அதன் இரண்டு பக்கமும் கனமான சி கிளாம்ப் போட்டுக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு பட்டைக்கும் வளைவு கொஞ்சம் வேறு, நடு போல்ட்தான் அவற்றை ஒன்றாக அழுத்தி வைத்திருக்கிறது. கிளாம்ப் இல்லாமல் நட்டைக் கழற்றினால் கட்டு தெறித்து விரியும், எதிரில் கை இருந்தால் எலும்பு மிஞ்சாது. போல்ட்டை எடுத்த பிறகு கிளாம்ப்களை இரண்டு பக்கமும் மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். பட்டைகள் அமைதியாகப் பிரிந்தன.

உள்ளே பார்த்தால் விஷயம் தெளிவாகியது. நுனியில் இருக்கவேண்டிய பிளாஸ்டிக் தகடுகள் இரண்டு இடத்தில் தேய்ந்து காகிதமாகியிருந்தன, ஓர் இடத்தில் இல்லவே இல்லை. தகடு இல்லாத இடத்தில் கீழ்ப் பட்டையின் கூரான விளிம்பு மேல் பட்டையின் அடியில் நகக்கண் அளவுக்குப் பள்ளம் பறித்திருந்தது. அந்தப் பள்ளத்தில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பார்த்தேன், இல்லை. விரிசல் இருந்திருந்தால் அந்தப் பட்டையை மாற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது. ஸ்பிரிங் எஃகைச் சூடாக்கினாலோ வெல்டிங் வைத்தாலோ அதன் பதம் போய்விடும், பிறகு அந்த இடத்தில்தான் ஒடியும்.

கம்பி பிரஷ்ஷால் துருவை எடுத்து, கீழ்ப் பட்டை நுனிகளின் கூர்மையை அரத்தால் மழுக்கினேன். அரம் போடும்போது பட்டையின் மேல் முகத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டேன். பளு ஏறும்போது இழுபடுவது அந்த முகம். அதில் குறுக்காக ஒரு கீறல் விழுந்தால் விரிசல் அங்கே தொடங்கும். பிறகு காய்ந்து படலமாகும் கிராஃபைட் பூச்சு இரண்டு முறை, ஒவ்வொரு நுனியிலும் புதிய வழுக்குத் தகடு. பட்டைகளுக்கு நடுவில் சாதாரண கிரீஸ் வைக்கலாமே என்று கேட்பார்கள். தார் ரோட்டில் மட்டும் ஓடுகிற பழைய கார்களில் பட்டைக் கட்டுக்கு மேலே தோல் உறை போட்டு உள்ளே கிரீஸ் நிரப்புவது உண்டு, அங்கே அது சரி. திறந்த கட்டில் கிரீஸ் வைத்துப் புழுதியில் ஓட்டினால் மணலும் கிரீஸும் குழைந்து அரைக்கும் பசையாகும், பட்டையைத் தின்றுவிடும். கிளிப்புகளுக்கும் பட்டைக்கும் நடுவில் மெல்லிய ரப்பர்ப் பட்டி வைத்துத் திரும்பச் சேர்த்தேன். சரளையில் மிச்சமிருந்த லொடலொட அந்தக் கிளிப்புகளிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

இதில் ஒரு பக்க விளைவு வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. பட்டைகளுக்கு நடுவே இருக்கிற உராய்வும் துள்ளலை அடக்குவதில் ஒரு பங்கு வகிக்கிறது. அதைக் குறைத்தால் வண்டி மென்மையாகும், ஆனால் அந்த வேலையும் ஷாக்கின் தலையில் விழும். ஷாக் ஏற்கெனவே களைத்திருந்தால் வண்டி மிதக்கிற மாதிரி இருக்கும். எனக்கு ஷாக் தாக்குப்பிடித்தது.

கடைசியாக அந்த டங். கிளம்பும்போது வருகிற சத்தத்துக்கு உரிமை கோருகிற இடங்கள் நிறைய: எஞ்சின் இழுவையை அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் (மூட்டு), நீண்டு சுருங்கும் ஸ்ப்ளைன் (பல்வரிசை இணைப்பு), டிஃபரன்ஷியல் பற்களின் இடைவெளி, எஞ்சின் மவுன்ட், ஸ்பிரிங் பிடிப்பு. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து ஷாஃப்டைக் கையால் இரண்டு பக்கமும் முறுக்கினேன். கிராஸில் தட்டல் இல்லை. ஸ்ப்ளைனுக்குக் கிரீஸ் அடித்துப் பார்த்தேன், சத்தத்தில் மாற்றம் இல்லை. பின் இடது யு போல்ட் தகட்டில் பார்த்த செம்பொடி அப்போதும் நினைவில் இருந்தது. அச்சின் மேடைக்கும் பட்டைக்கும் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, போன் கேமராவைச் சட்டத்தில் கட்டி மெதுவோட்டப் பதிவில் வைத்து, முதல் கியரில் கிளட்சை விட்டு விட்டுப் பிடித்தேன். ஓடுகிற எஞ்சினோடு யாரும் அடியில் படுக்கவேண்டிய தேவையே இல்லை. பதிவைப் பார்த்தால், கிளட்ச் பிடித்த கணத்தில் சாக்பீஸ் கோடு முறிந்து, அச்சு பட்டையின் மேல் ஒரு நூல் அளவு முன்னே நகர்ந்து, உடனே முட்டி நின்றது. அந்த முட்டல்தான் டங்.

பட்டைக் கட்டின் நடு போல்ட் தலை, அச்சின் மேடையில் இருக்கும் துளைக்குள் உட்கார்ந்து அச்சின் இடத்தைக் காட்டும். ஆனால் அச்சைப் பிடித்து வைப்பது யு போல்ட்களின் இறுக்கம். இறுக்கம் போனால் எஞ்சினின் இழுவையும் பிரேக்கின் தள்ளலும் முழுதாக அந்தச் சின்னத் தலையில் விழும். ஒருநாள் அது அறுந்தால் அச்சு ஒரு பக்கம் பின்வாங்கும், வண்டி தன் இஷ்டத்துக்குத் திரும்பும். நான் எடுத்துப் பார்த்த தலையின் ஒரு பக்கம் தட்டையாகவே தேய்ந்திருந்தது. நாலு சத்தத்திலும் காதுக்கு மிகச் சின்னதாகக் கேட்டது இதுதான், ஆபத்தில் முதலிடமும் இதற்குத்தான்.

புது நடு போல்ட், புது யு போல்ட். ஒருமுறை முழுதாக இறுக்கி நீண்டுவிட்ட யு போல்ட்டைத் திரும்பப் போடுவதை நான் ஏற்கமாட்டேன், மரையின் மேல் மறுபடி அதே இறுக்கம் கிடைக்காது. மேடையிலும் தகட்டிலும் இருந்த துருவையும் தடித்த பெயின்ட்டையும் சுரண்டினேன். நடுவில் பெயின்ட் இருந்தால் அது நசுங்க நசுங்க இறுக்கம் குறைந்துகொண்டே போகும். நாலு நட்டையும் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போது இறுதி அளவுக்கு முடுக்கினேன். 100 கிலோமீட்டர் போல ஓடியதும் ரெஞ்சை வைத்துப் பார்த்தால் நாலு நட்டிலுமே கொஞ்சம் திரும்ப இடம் இருந்தது. புதுக் கட்டு உட்காரும்போது இது இயல்பு. அதன் பிறகு 500 கிலோமீட்டரில் பார்த்தபோது அசையவில்லை, பெயின்ட் கோடும் நேராக இருந்தது.

நடுவில் பாடி மவுன்ட் ஒன்றையும் இறுக்கினேன். வண்டி மூலைக்கு மூலை முறுக்கும்போது வந்த மொத்தையான ஒரு தட்டல் அதிலிருந்து. சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவில் மரக்கட்டை வைத்து நெம்பினால் எந்த ரப்பர் தளர்ந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

இப்போது அதே பாதையில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினால் டயர் கல்லை மிதிக்கும் சத்தம் தனியாகக் கேட்கிறது. ஆழமான ஓடையைக் கடந்து வந்தால் முன் இடது ஷேக்கிள் மட்டும் ஒரு நாள் இரண்டு நாள் லேசாக முனகுகிறது. தண்ணீர் கிரீஸைக் கொஞ்சம் கழுவுகிறது, அடுத்த முறை அந்தப் போல்ட்டை உருவும்போது கவனிக்கவேண்டும். இன்னொன்றும் கேட்கத் தொடங்கியிருக்கிறது: வேகம் ஏறினால் முன் வலது பக்கம் மெல்லிய ஒரு ஹூம். முன்பும் இருந்திருக்கும், மற்ற சத்தங்களில் அமுங்கிப் போயிருக்கும். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், துளி ஆட்டம் இருந்தது. தம்பியைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டியதும் ஆட்டம் நின்றுவிட்டது. கிங்பின் (முன்சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சாணி) தேய்ந்திருந்தால் பிரேக் பிடித்தாலும் ஆட்டம் இருந்திருக்கும். ஆக, பேரிங்தான். ஹப்பைப் பிரித்து, பேரிங்கின் உருளைகளையும் ஓடுகளையும் பார்த்துவிட்டு, புதிது போடுவதா, கிரீஸ் மாற்றி இறுக்கம் சரிசெய்தால் போதுமா என்று முடிவு செய்யவேண்டும்.